குவாரிப் பள்ளமும் கீழ்க்கொல்லைக் கிணறும்

புதுசா வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்குக் கையுறை கொடுத்திருப்பார்கள், மூக்குக்கு மாஸ்க்கும் கொடுத்திருப்பார்கள். ரெண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் வந்த காலத்தில் முந்தானையைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டோம், அதில் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு இடத்தில் போய் இறங்கியதும் ஒரே ஒரு தடவை மாஸ்க்கை இறக்கி, மூச்சை இழுத்துப் பாருங்கள். என்ன வாசம் வருகிறதென்று மனசில் வைத்துக்கொண்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளுங்கள். நம்ம வேலையில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

நான் திருவண்ணாமலையில் வீட்டுக் குப்பை எடுக்கிற வேலை செய்து, போன ஆனி மாசத்தோடு நின்றுவிட்டேன். அதிகம் பேசுகிறவள் இல்லை. கூட வேலை செய்தவர்களைக் கேட்டால் "அந்தக்கா வாயத் தொறந்தாலே அதிசயம்" என்பார்கள். அதனால்தான் பேசாமல் இருந்து நான் செய்த ஒரு தப்பை உங்களுக்குச் சொல்கிறேன். பேசினதால் என்ன ஆச்சு என்பதும் அதிலேயே வரும்.

முதலில் எங்கள் மேஸ்திரி சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மத்தது புரியாது. நான் சேர்ந்த வருஷம், குப்பைக் கிடங்கில் ஒரு பக்கம் புகை கிளம்பியது. நான் ஓடிப் போய் "குப்பை எரியுதுங்க" என்றேன். மேஸ்திரி பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "எந்தக் குப்பை?" என்று கேட்டார். "போய் மோந்துட்டு வா" என்றார். போனேன். இலை எரிகிற வாசம் இல்லை, ரப்பர் வாசம். வந்து சொன்னதும், "மறுபடியும் போய் மோந்துட்டு வா" என்றார். ரெண்டாம் தடவையும் ரப்பர்தான். குவியலுக்குப் பின்னால் யாரோ பழைய ஒயரைப் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். குப்பையில் தீ பிடிக்கவே இல்லை. மேலே இருந்து தண்ணீர் அடித்திருந்தால் நாள் பூராவும் அடித்திருப்போம், தீ அந்தண்டை எரிந்துகொண்டே இருந்திருக்கும்.

அன்றைக்கு அவர் சொன்னார்: "ஒரு தடவை மோந்தா அது சந்தேகம். ரெண்டாவது தடவையும் அதே வாசம்னா அது சேதி. சேதிய வயித்துக்குள்ள வச்சுக்காத, எதிர்ல யாரு நின்னாலும் சொல்லிடு." மோந்து பார்க்கிறதை உடனே கற்றுக்கொண்டேன். சொல்கிறதைக் கற்க எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

இனி குவாரிப் பள்ளத்துக்கு வருகிறேன்.

வேங்கிக்காலைத் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கல்லெல்லாம் எடுத்து முடித்து விட்டுப்போன ஒரு குவாரி இருந்தது. பனைமரம் உசரத்துக்கு மேல் ஆழம். கிடங்கில் இடம் இல்லாமல் போனபோது எங்கள் காண்ட்ராக்ட்காரர் வீட்டுக் குப்பையை அந்தப் பள்ளத்தில் கொட்ட ஆரம்பித்தார். எங்களில் எட்டுப் பெண்களை அங்கே போட்டார்கள். லாரி பின்னால் வரும்போது விளிம்பில் நின்று சிவப்புத் துணி காட்டுவது, கொட்டுவதற்கு முன் பாட்டில், இரும்பு, அட்டையைப் பொறுக்குவது, கொட்டின பிறகு மண் தள்ளுவது. அவ்வளவுதான் வேலை.

அந்தப் பள்ளம் எனக்குப் புதுசு இல்லை. கல்யாணம் ஆன புதுசில், அந்தக் குவாரி ஓடின காலத்தில், அதே பள்ளத்தில் இருந்து ஜல்லி சுமந்திருக்கிறேன். தலையில் சும்மாடு வைத்துக் கல்லை மேலே ஏற்றின இடத்திலேயே இப்போது குப்பையைக் கீழே தள்ளுகிறேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்போது அங்கே ஒரு சண்டை அடிக்கடி நடக்கும். பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் கட்டிக்கொள்ளும். வெடி வைப்பதற்கு முன் மோட்டார் போட்டு இறைப்பார்கள். மோட்டார் ரெண்டு நாள் ஓடினால் போதும், கிழக்கே சரிவில் இருக்கிற கீழ்க்கொல்லை என்கிற சின்ன ஊரில் இருந்து பெண்கள் காலிக் குடத்தோடு வந்துவிடுவார்கள். "உங்க மோட்டார நிறுத்துங்கடா, எங்க கிணறு இறங்கிப் போச்சு" என்று ஒரே கூச்சல். மோட்டார் நின்றால் கிணற்றில் தண்ணீர் ஏறிவிடும். நான் சும்மாட்டை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அதாவது, பள்ளத்துத் தண்ணீரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரும் ஒன்று. இது எனக்குத் தெரியும். முதல் லாரி குப்பையோடு பின்னால் வந்தபோதே தெரியும்.

எங்கள் சூப்பர்வைசர் பெயர் சங்கர். சின்ன வயசு, நல்ல பையன், யாரையும் வாடி போடி என்று பேசமாட்டார். முதல் நாள் எங்களை நிற்க வைத்து, "சுத்திலும் பாறை ஆயா. கல்லுச் சட்டி மாதிரி. ஒரு சொட்டு வெளியில போகாது. ரொம்பினதும் மேல மண்ணப் போட்டு மரம் வச்சிடலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பாறை என்றால் வெடிப்பு இருக்கும், வெடி வைத்த பாறைக்கு ஜாஸ்தி இருக்கும், இது கல் சுமந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் கையில் பேப்பர் இருந்தது, படம் போட்டிருந்தது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பெரியவங்க பார்த்துதானே செய்திருப்பாங்க என்று இருந்துவிட்டேன். அதுதான் என் தப்பு. தை மாசத்தில் இருந்து சித்திரை வரைக்கும் தினமும் அந்தத் தப்பைச் செய்தேன்.

வீட்டுக் குப்பை என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு வீட்டுப் பையைப் பிரித்தால் அந்த வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்பது வரைக்கும் தெரிந்துவிடும். காலாவதி ஆன மாத்திரை, குழந்தைக்குக் கட்டின நாப்கின், டார்ச் பேட்டரி, எலி மருந்து, உடைந்த டியூப் லைட், போன வாரத்துக் குழம்பு. எல்லாம் அந்தப் பள்ளத்துத் தண்ணீரில்தான் போய் ஊறியது.

சித்திரை பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். மலையைச் சுற்றி அன்னதானம். மறுநாள் பாக்குமட்டைத் தட்டும் சாம்பார் சாதமும் லாரி லாரியாக வந்து பள்ளத்தில் விழுந்தது. வெயில் வேறு. ரெண்டே நாளில் நாற்றம் ரோடு வரைக்கும் போனது. யாரோ புகார் எழுதிப் போட்டார்கள், அடுத்த வாரம் பெரிய அதிகாரி பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது.

சங்கர் முகம் சுருங்கிப் போனது. கேன் கேனாக ஃபினாயில் வரவழைத்தார். "ஊத்துங்க ஆயா. மேல ஊத்துங்க, தண்ணியிலயும் ஊத்துங்க, எங்கயும் விடாதீங்க" என்றார். நாங்கள் ஊற்றினோம். அந்த ஃபினாயில் கடையில் கிடைக்கிற மாதிரி இருக்காது, எங்கள் கம்பெனிக்கென்றே வருகிறது. எலுமிச்சைப்புல் வாசம் கலந்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயந்தரம் வீட்டுக்குப் போனால் சோற்றிலும் அந்த வாசமே அடிக்கும். நாலு நாள் விடாமல் ஊற்றினோம்.

அதிகாரி வருகிற அன்றைக்குக் காலையிலும் ரெண்டு கேன் ஊற்றிவிட்டு, நாங்கள் வேப்பமரத்தடியில் கூழ் குடிக்க உட்கார்ந்தோம். மல்லிகா என் பக்கத்தில். என்னை விட பதினைந்து வயசு சின்னவள், குவாரி நின்ற பிறகு கீழ்க்கொல்லைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் மகள் செல்வி, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மல்லிகாவுக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா, இந்தத் தண்ணிய மோந்து பாரேன்" என்று பாட்டிலை நீட்டினாள். "எங்க ஊரு கெணத்துல மருந்து போட்டுட்டாங்க. ஆஸ்பத்திரி மாதிரி கமகமன்னு கீது. எங்க ஊரையும் மனுசனா மதிச்சு ஒருத்தன் வந்துகிறான் பாரு."

வாங்கி மோந்தேன். கிணற்றுக்குப் பஞ்சாயத்தில் போடுகிற மருந்து பிளீச்சிங் பவுடர். அது மூக்கைக் குத்தும், கண்ணில் தண்ணீர் வரவைக்கும். இது குத்தவில்லை. தொண்டையில் போய் உட்கார்ந்தது.

என் கையெல்லாம் ஃபினாயில். கை வாசமாக இருக்குமோ என்று சந்தேகம். எழுந்து காற்று எதிரில் வருகிற பக்கமாகப் போய், வரப்பில் இருந்த மண்ணை எடுத்துக் கையைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்து, மறுபடியும் பாட்டிலைத் திறந்து மோந்தேன். எலுமிச்சைப்புல் வாசம் வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "மல்லிகா, இது மருந்து இல்லடி. நாம ஊத்தின ஃபினாயில்."

"உனுக்கு நல்ல வார்த்தையே வராதாக்கா?"

"பள்ளத்துத் தண்ணிதான் உங்க கெணத்துக்குப் போவுது. அந்தக் காலத்துல மோட்டார் போட்டா உங்க ஊருக்காரங்க வந்து சண்டை போடுவாங்க. உங்க மாமியாரே வந்துருக்காங்க, நான் பாத்துருக்கேன்."

அவள் சிரிப்பு நின்றது. கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள். அப்புறம், "செல்வி நாலு நாளா அதத்தான் குடிச்சிகினு கீறா" என்றாள்.

நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். "ஃபினாயிலுக்கு வாசம் இருக்குது, அதனால தெரிஞ்சுது. வாசம் இல்லாதது தையில இருந்து எவ்ளோ போச்சோ."

அந்த நேரம் பார்த்து ரெண்டு ஜீப் வந்து நின்றது. மல்லிகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "அக்கா, இப்போ ஒண்ணும் சொல்லாத. செல்விய நான் இன்னிக்கே அவ மாமியார் வூட்டுக்கு அனுப்பிடறேன். பள்ளத்த மூடிட்டா நம்ம எட்டு பேரு எங்க போறது? அவங்க போவட்டும், அப்புறமா சங்கர் சார்கிட்ட மட்டும் தனியா சொல்லிக்கலாம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வேலை போனால் அவளுக்கும் போகும், அவளை விட ஏழைகளுக்கும் போகும். ஆனால் நானும் தையில் இருந்து 'அப்புறமா' என்றுதான் இருந்தேன். செல்வியை அனுப்பிவிடலாம், கீழ்க்கொல்லையில் இருக்கிற மத்தப் பிள்ளைகளை எங்கே அனுப்புவது? முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தேன்.

வந்திருந்த அதிகாரி ஒரு அம்மா. மூக்கில் கர்ச்சீப்போடு இறங்கி, விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, கர்ச்சீப்பை எடுத்துவிட்டார். "பரவாயில்லையே. நாத்தமே தெரியல" என்றார். சங்கர் முகத்தில் ரொம்ப நாள் கழித்து வெளிச்சம். "டெய்லி பண்றோம் மேடம்."

நான் போய் அவர்கள் எதிரில் நின்றேன். பாட்டிலைத் திறந்து நீட்டினேன். "மோந்து பாருங்கம்மா."

"என்ன இது?" அந்த அம்மா மோந்தார். "ஃபினாயில் தண்ணி. இதுதான் ஊத்துறீங்களா?"

"குடிக்கிற தண்ணிங்க. கீழ்க்கொல்லைக் கெணத்துத் தண்ணி."

சங்கர்தான் முதலில் சுதாரித்தார். "மேடம், ஃபினாயில் பாட்டில்லயே தண்ணி புடிச்சிருப்பாங்க. இங்க எதை மோந்தாலும் அந்த வாசம்தான் வரும். ஆயா, நீங்க போங்க, அப்புறம் பேசிக்கலாம்."

எனக்கு அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னால் இருந்து மல்லிகா குரல் வந்தது. அழுதுகொண்டே கத்தினாள்.

"அது நான் தெனமும் தண்ணி குடிக்கிற பாட்டிலு சார்! அதுல போயி ஃபினாயில ஊத்துவனா? மாசமா கீற என் பொண்ணு இந்தத் தண்ணியத்தான் சார் குடிக்குது!"

அவள் பேசினதும் எனக்கும் வாய் வந்தது. மோட்டார் கதையைச் சொன்னேன். வெடிப்பைச் சொன்னேன். "நான் சொல்றத நம்ப வேணாம்மா. கெணறு கூப்பிடு தூரம்தான். வந்து ஒரு வாளி சேந்திப் பாருங்க" என்றேன்.

அந்த அம்மா சங்கரைப் பார்த்தார். அப்புறம் சரிவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம்.

கிணற்றடியில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். இத்தனை பேரைப் பார்த்ததும் புடவையை இறக்கிவிட்டு எழுந்தாள். "வாங்கம்மா, வாங்க" என்று வாளியை இறக்கிச் சேந்தி, சொம்பை விளக்கி ரொப்பினாள். "குடிங்கம்மா. போன வாரம் வரைக்கும் ஒரே பாசி வாடை. இப்போதான் யாரோ புண்ணியவான் மருந்து போட்டுருக்காங்க. போட்ட கை நல்லா இருக்கணும்."

நான் என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எங்களைத் திட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் மறந்துவிட்டது. அந்த வாழ்த்து மட்டும் மறக்கவில்லை.

அதிகாரி அம்மா சொம்பை வாங்கக் கை நீட்டினார். நான் குறுக்கே போய்ச் சொம்பை வாங்கி, சங்கரிடம் நீட்டினேன். அதுவரைக்கும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"நீ குடி தம்பி" என்றேன். "பாட்டில்ல இருந்த வாசம்னு சொன்னியே. இது பாட்டில் இல்ல. நீ குடிச்சிட்டா நான் பேசாம போயி மண்ணு தள்றேன்."

சங்கர் சொம்பை வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். நின்றார். எல்லாரும் அவரையே பார்த்தோம். துணி அலசின பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, "குடிங்க சார், நல்ல தண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சங்கர் சொம்பை மெதுவாகக் கிணற்று மேடையில் வைத்தார்.

"நம்ம ஃபினாயில்தான் மேடம்" என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருக்கலாம். அவர் குடிக்காததற்காக இன்றைக்கும் எனக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அன்றைக்கே கிணற்றுக்கு மேல் முள்ளை வெட்டிப் போட்டு மூடினார்கள். சாயந்தரம் டேங்கர் தண்ணீர் வந்தது. தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்து, அதில் ஃபினாயிலை விடக் கெட்டது என்னென்னவோ இருக்கிறதென்று சொன்னார்கள். பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஊரில் எல்லாரையும் டாக்டர் வந்து பார்த்தார். பள்ளத்தில் இருந்ததை மிஷின் வைத்து அள்ள ஆரம்பித்தார்கள். போடும்போது ஒரு நிமிஷத்தில் சரிந்த குப்பை, எடுக்கும்போது மழைக்காலம் வரைக்கும் இழுத்தது.

மல்லிகா பயந்ததும் நடந்தது. எங்கள் எட்டு பேரையும் ரெண்டு மாசம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மல்லிகா ரமணாசிரமம் பக்கம் தங்கும் விடுதியில் ரூம் கூட்டப் போனாள். வழியில் பார்த்தால் "நல்லாகிறியாக்கா" என்பாள், நிற்கமாட்டாள். அந்த ரெண்டு மாசமும் எனக்குத் தூக்கம் கம்மிதான். ஆனால் ஏன் சொன்னோம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. ஏன் தையிலேயே சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் வார்டில் வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்து வாங்குகிற வேலைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். எட்டு பேரும் சேர்ந்தோம். இப்போது நீங்கள் செய்கிற வேலை அதுதான். ஈரம் தனி, காய்ந்தது தனி, மாத்திரை பேட்டரி தனி என்று வாங்கும்போது வீட்டுக்காரர்கள் "எல்லாம் ஒண்ணாதானே போய்ச் சேருது" என்பார்கள். சேராது என்று சொல்லுங்கள். ஒண்ணாகப் போட்டால் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டால் கீழ்க்கொல்லைக் கிணற்றைச் சொல்லுங்கள்.

ஒரு ஊருக்குள் வேலைக்குப் போனால், அந்த ஊரில் நீங்கள் பார்த்ததும் கேட்டதும் உங்களிடம் இருக்கும். பேப்பரில் அது இருக்காது. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். நம்மை யாரும் கேட்கமாட்டார்கள். ரெண்டு தடவை மோந்து பாருங்கள், அப்புறம் சொல்லிவிடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. தொட்டில் போடுகிற அன்றைக்கு மல்லிகா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். போனேன். பந்தலில் உறவுக்காரர்கள் நிறைய, நான் வழக்கம்போல் ஓரமாக உட்கார்ந்தேன். கீழ்க்கொல்லைக்குப் புதுசாகக் குழாய் போட்டு அன்றைக்குத்தான் முதல் தண்ணீர் வந்திருந்தது. எல்லாரும் குடத்தைச் சுற்றி நின்றார்கள். சோதித்துத்தான் விட்டிருந்தார்கள், இருந்தாலும் யாரும் டம்ளரை எடுக்கவில்லை. மல்லிகா ஒரு சொம்பு ரொப்பிக்கொண்டு, அத்தனை பேரையும் தாண்டி என்னிடம் வந்தாள்.

"நீ பாத்து சொல்லுக்கா. அப்புறம்தான் என் பேத்திக்கு" என்றாள்.

பந்தலே என்னைப் பார்த்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் அவசரப்படவில்லை. ஒரு தடவை மோந்தேன். சொம்பைக் கீழே வைத்து, மூச்சை விட்டு, மறுபடியும் எடுத்து மோந்தேன்.

"நல்ல தண்ணி" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. முதல் வாய் நான்தான் குடித்தேன்.